ஊக்கியின் நிறை ஐம்பத்தொரு கிலோ

நான் இரசாயனவியல் ஆசிரியை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பதினாறு வருடமாக ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளைகளின் தலையில் ஆவர்த்தன அட்டவணையை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் நாலு பேர் பொறியியலாளர் ஆகிவிட்டார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்து, டீச்சர் நீங்கள் சொன்னது பிழை என்று சொன்னதில்லை. அதைச் சொன்னவர் என் அப்பா. அதுவும் வாயைத் திறக்காமல் சொன்னார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஜூன் கடைசியில் நாட்டில் எண்ணெய் தீர்ந்துபோனது. கண்டியில் பெட்ரோல் ஷெட் வரிசை வாவியைச் சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடித்துவிட்டது என்றார்கள். எங்கள் பக்கம் வரிசையே இல்லை. வரிசை வரைக்கும் போக எண்ணெய் வேண்டுமே. ஆட்டோக்காரர்கள் ஆட்டோவின் கூரையில் மிளகு காயப்போட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நான் வீட்டிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

எரிந்து விழக் காரணம் இருந்தது. என் அம்மா வடிவம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். தலாத்துஓயா வழியாக முப்பது கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மூன்று முறையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் படித்தவள், அதனால் கேட்கவில்லை. தோட்டத்து லொறியில் டீசல் இல்லை. பஸ் வந்தால் உண்டு, வந்தாலும் மிதிபலகையில்தான் இடம். அம்மாவால் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து வாசலுக்கு வருவதே பெரிய பாடு.

அந்த நேரத்தில்தான் முனாப் நானாவின் வேன் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே வந்து உயிரை விட்டது. முனாப் நானா மடவளைக்காரர். ரோல்ஸ், பட்டிஸ் சுட்டு தோட்டத்துக் கடைகளுக்குப் போடுபவர். திரும்பிப் போகும்போது அதே கடைகளில் பொரித்து மிஞ்சிய கறுப்பு எண்ணெயை வாங்கிப் பீப்பாயில் நிரப்பிக்கொண்டு போவார். அதை யாருக்கு விற்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, ரோல்ஸைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருந்ததால். டாங்கி காலியாகி அவர் மூன்று பீப்பாய்க் கழிவெண்ணெயோடு எங்கள் தோட்டத்தில் அகப்பட்டுக்கொண்டார். "எண்ணெ ஈக்கி, வேன் ஈக்கி, ஊட்டுக்குப் போகத்தான் வழி இல்ல டீச்சர்" என்று தினமும் காலையில் வணக்கம் சொல்வதுபோல் என்னிடம் சொல்வார்.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், போனில் படித்த ஒன்றை அவரிடம் சொல்லித் தொலைத்தேன். நிலக்கரியைத் தூளாக்கிக் கழிவெண்ணெயில் கலந்து, ஊக்கி சேர்த்துச் சூடாக்கினால் திரவ எரிபொருள் வருமாம், வெளிநாட்டில் செய்கிறார்களாம் என்றேன். நானூறு பாகை வெப்பமும் பயங்கர அமுக்கமும் வேண்டும் என்பதையும் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் கறுப்பையா அண்ணன் இருந்தார். மூடிக்கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பிட்டராக இருந்தவர் அவர். அதன் அடித்தளக் குழியில் வெள்ளைக்காரன் காலத்து நிலக்கரி ஆட்டுப் புழுக்கையோடு கலந்து இன்னும் கிடக்கிறது என்றார். கரியும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது, அந்த ஊக்கி என்றால் என்ன என்று கேட்டார்.

பதினாறு வருடமாகச் சொல்லி வாய் பழகியிருந்தது. இரசாயனத் தாக்கத்தில் அது சேராது, கலக்காது, கரையாது, சும்மா பக்கத்தில் இருக்கும், அது இருந்தால் மற்றவை விறுவிறு என்று மாறும், எல்லாம் முடிந்ததும் எப்படி உள்ளே போனதோ அப்படியே வெளியே வரும் என்றேன்.

கறுப்பையா அண்ணன் தலையாட்டினார். "அது நம்ம கங்காணில்ல? அவரு ஒரு கொழுந்து கிள்ள மாட்டாரு. கொடைய புடிச்சிக்கிட்டு நிப்பாரு. அவரு நின்னா பொம்பளைங்க பதினெட்டு கிலோ எடுப்பாங்க, அங்கிட்டுப் போனா பன்னெண்டு. பொழுது சாஞ்சா நனையாம வீட்டுக்குப் போவாரு."

நான் சிரித்துவிட்டேன். இவ்வளவு தெளிவாக எந்த மாணவனும் சொன்னதில்லை, நூற்றுக்கு நூறு என்றேன். அந்தச் சிரிப்புக்காக என்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்ன கங்காணி என் அப்பா பழனியாண்டி.

இரண்டு பீப்பாய், பழைய அடுப்பின் புகைக்குழாய், பீலியில் கொட்டும் தண்ணீருக்குள் சுருட்டி வைத்த ஒரு செப்புக் குழாய் இவற்றை வைத்துக் கறுப்பையா அண்ணன் தொழிற்சாலைக்குள் ஒரு பொருத்து பொருத்தினார். இரும்பொட்சைட்டு ஊக்கியாகும் என்று நான் போனில் படித்த பக்கத்தில் போட்டிருந்தது. இரும்பொட்சைட்டு என்றால் துரு. துருவுக்குத் தோட்டத்தில் பஞ்சமா? தொழிற்சாலைக் கூரையில் ஏழு தகரத்தைக் கழற்றிச் சுரண்டினார்கள். இரண்டு நாள் அடுப்பெரித்தார்கள். குழாய் வாயில் புகை வந்தது, நாற்றம் வந்தது, ஒரு கரப்பான் பூச்சி வந்தது. எண்ணெய் வரவில்லை. பார்த்தீர்களா என்று நான் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது, அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்போது அப்பா வந்தார். கறுப்பையா அண்ணன்தான் ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார். எழுபத்திரண்டு வயதிலும் காக்கிக் கால்சட்டை, மேற்சட்டை, கையில் கறுப்புக் குடை. அடுப்புக்கு ஆறடி தள்ளி நின்று, குடையை ஊன்றி, எதையும் குறிப்பாகப் பார்க்காமல் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் மலையில் அப்படித்தான் நின்றார். கொழுந்து துளிர்த்தாலும் காய்ந்தாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. பத்து நிமிடம் போயிருக்கும். குழாய் வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நூல் பிடித்ததுபோல் ஒழுக ஆரம்பித்தது.

ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லீற்றர். கபில நிறம், பட்டிஸ் வாசம். முனாப் நானா அல்ஹம்துலில்லாஹ் என்று வேனில் ஊற்றிச் சாவியைத் திருப்பினார். வேன் இருமியது, தும்மியது, புறப்பட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா இருந்தால் அடுப்பெரிப்பவர்கள் ஒழுங்காக எரிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்து, பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து கட்டினேன். அப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் சூடு ஒன்றுதான். அவரை வெளியே அனுப்பினால் ஒழுக்கு நின்றது, உள்ளே கூப்பிட்டால் வந்தது. கறுப்பையா அண்ணனைக் குடையோடு நிறுத்தினேன், ஒன்றுமில்லை. குடையை மட்டும் ஆணியில் மாட்டினேன், ஏழு சொட்டு வந்தது. அப்பா ஓய்வுபெற்ற நாளில் எடுத்த போட்டோவைக் கதிரையில் சாய்த்து வைத்தேன், புகைகூட வரவில்லை. துருவை எடுத்துவிட்டு அப்பாவை மட்டும் வைத்துப் பார்த்தேன். அதே ஒன்றரை லீற்றர். எல்லாவற்றையும் அட்டவணை போட்டு எழுதிவிட்டு, கொப்பியை மூடி, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா கண்டிக்குப் போனாள். வெள்ளிக்கிழமையும் போனாள். அடுத்த வாரமும் போனாள். வேன் போன வழியெல்லாம் ரோல்ஸ் பொரிக்கும் வாசம். தலாத்துஓயாவில் வரிசையில் நின்ற ஆட்கள் இடத்தை விட்டுவிட்டு எந்தக் கடை என்று தேடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நாய்கள் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து ஆறாகச் சேர்ந்து கண்டி வரைக்கும் ஓடிவந்தன. முனாப் நானா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மடவளைக்குப் போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு சட்டி வட்டிலாப்பத்தோடும் இன்னும் இரண்டு பீப்பாய்க் கழிவெண்ணெயோடும் வந்து நின்றார். உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னேனே என்றார். அம்மாவை அவரும் உம்மா என்றே கூப்பிட்டார்.

ஊக்கியைப் பாதுகாக்க ஒரு சபை அமைந்தது. ஊக்கி மாறக் கூடாது என்று நான்தானே சொன்னேன்? அதனால் அப்பா முடி வெட்டக் கூடாது என்றார்கள். சட்டை மாற்றக் கூடாது என்றார்கள், நான் போட்ட சண்டையில் அதைக் கைவிட்டார்கள். ஊக்கி குறைகிறதா என்று பார்க்க, காலையிலும் மாலையிலும் பழைய கொழுந்துத் தராசில் அப்பாவைச் சாக்கில் உட்காரவைத்துத் தூக்கி நிறுத்தார்கள். அதைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பெண்களின் கூடைகளை முப்பத்தைந்து வருடம் நிறுத்தவர் அவர்தான். இப்போது கால் இரண்டும் தொங்கத் தொங்க அந்தக் கொக்கியில் ஆடினார். ஐம்பத்துமூன்று கிலோ என்றார் கறுப்பையா அண்ணன். கதிரையில் இருந்த அம்மா, சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிக்கணும் என்றாள். அவர்கள் கூடைகளுக்கு அப்பா கழித்த கணக்கு அது, பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. அப்பா சாக்கிலிருந்து இறங்கினார். ஐம்பத்தொன்று என்று எழுதினார்கள்.

அம்மாவின் அந்தப் பேச்சுக்கு ஒரு கதை இருக்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், அதுதான் நாட்கூலி. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். எண்பத்திரண்டில் நான் அம்மாவின் வயிற்றில் எட்டு மாதம். அடைமழை. அப்பாவின் கூட்டத்தில்தான் அம்மாவும் கொழுந்தெடுத்தாள். பதினாறு கிலோ எடுக்க வேண்டிய நாளில் பதினொன்றுதான் எடுத்தாள். எல்லோருக்கும் முன்னால் தன் புருஷனைப் பார்த்து, "ஐயா, பேரு போட்டுருங்கய்யா, வயித்துல புள்ள இருக்கு" என்று கேட்டிருக்கிறாள். அப்பா குடைக்குள் நின்றபடி, "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லி அரைப்பேர் போட்டார். சொந்தப் பெண்சாதிக்குப் போட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று நினைத்தாராம். அந்த நாளைக்கு வரவே இல்லை. மலையில் நிற்கிற கங்காணி எல்லோருக்கும் சொல்கிற பேச்சு அது, அதற்கு இல்லை என்று அர்த்தம். நாற்பது வருடமாக அம்மா இதைச் சொல்லிக் காட்டுகிறாள். என் பிறந்தநாளில் கட்டாயம் சொல்வாள். அப்பா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு உத்தியோகத்தர் வந்தார். எந்த அலுவலகம் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. மூன்று மொழியிலும் ஒரு படிவம் வைத்திருந்தார். அனுமதியில்லாமல் எரிபொருள் செய்வது குற்றம், படிவம் நிரப்பினால் குற்றமில்லை என்றார். பீப்பாய்க்கு அருகில் உட்கார்ந்து அவர் கேட்கக் கேட்க நான் எழுதினேன். ஊக்கியின் பெயர்: பழனியாண்டி. இரசாயனச் சூத்திரம் என்ற இடத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போடச் சொன்னார். நிறை: ஐம்பத்தொரு கிலோ. களஞ்சியப்படுத்தும் இடம்: ஆறாம் லயம், நாலாம் காம்பரா. ஆபத்தானதா? உத்தியோகத்தர் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார், அப்பா அவரைப் பார்த்தார். இல்லை என்று எழுதினேன். பயன்படுத்திய பின் அகற்றும் முறை: குளித்துவிட்டு வீட்டுக்குப் போகும். உத்தியோகத்தர் அதை வாசித்து, பின்னால் கேள்வி வரும், குளிக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் எழுதுங்கள் என்றார். பீலி, பிறகு ஆறு, பிறகு மகாவலி என்று எழுதினேன்.

கடைசிக் கேள்வி, ஊக்கி செயலிழந்தால் மாற்று ஏற்பாடு என்ன என்பது. அதை வெறுமையாக விட்டேன். உத்தியோகத்தர் முத்திரை குத்தி, ஒரு லீற்றர் மாதிரியையும் எடுத்து, தன் மோட்டார் சைக்கிளில் ஊற்றிக்கொண்டு போனார். பத்து முழம் போய் அது நின்றுவிட்டது, மிச்சத்தூரம் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் போனபின் அப்பா என்னிடம் வந்தார். அவராக வந்து என்னிடம் ஒன்று கேட்பது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

"இது நின்னு போச்சுன்னா என்னாகும் சந்திரிகா?"

அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அம்மா ஏதோ ஊசி போட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருந்தார். நான் களைத்திருந்தேன், கோபமாகவும் இருந்தேன், பரீட்சை விடைபோல் சொன்னேன். ஒன்று தவறினால் கால், இரண்டு தவறினால் மூச்சு, மூன்று தவறினால் அம்மா இல்லை. அப்பா குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சரி என்றார்.

மறுநாள் செவ்வாய். அப்பா விடியுமுன்பே போய் நின்றார். அடுப்பு எரிந்தது, வெப்பமானி சரியாகக் காட்டியது, எண்ணெய் வரவில்லை. மதியம்வரை பதினொரு சொட்டு. ஹந்தானைத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் வந்து, ஒரு வாரத்துக்கு உங்கள் கங்காணியைத் தந்தால் நாங்களும் ஒரு பீப்பாய் வடிப்போம் என்று கேட்டார்கள். கறுப்பையா அண்ணன் அவர்களைக் கும்பிட்டு, எங்கள் ஊக்கிக்கே உடம்பு சரியில்லை என்று அனுப்பிவைத்தார்.

தராசில் ஐம்பத்தொன்று அப்படியே இருந்தது. நஞ்சாகிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்கள், அப்படி ஒன்று ஊக்கிக்கு நடக்கும் என்று அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு இஞ்சிப் பிளேன்டீ கொடுத்தார்கள், கோயிலில் நூல் மந்திரித்துக் கட்டினார்கள், முனாப் நானா ஓதி ஊதினார். நான் தூர நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், எனக்கு விஷயம் விளங்கியது. முன்பெல்லாம் எதையும் பார்க்காமல் நின்றவர், இப்போது குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொட்டையும் விரல் விட்டு எண்ணினார். ஒன்றை இப்படி வேண்டி நிற்பவர் ஊக்கி இல்லை, தானும் சேர்ந்து மாறுகிற தாக்கி. அவரும் இப்போது தாக்கத்துக்குள்ளே போய்விட்டார். உள்ளே தள்ளியவள் நான்.

வெள்ளிக்கிழமையும் இல்லை. அம்மாவின் கால் சீமெந்துத் தூண்போல ஆனது. இரவும் பகலும் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். நான் போன் பண்ணாத இடமில்லை. ஏச வேண்டியவர்களையெல்லாம் ஏசி முடித்து, பிறகு யாரை ஏசுவது என்று தெரியாமல் அழுதேன். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் பேசாத அப்பாவோடு இருக்க வேண்டும் என்ற நினைப்பே பயமாக இருந்தது.

அடுத்த செவ்வாய் தூறலோடு விடிந்தது. தலாத்துஓயாவுக்கு எண்ணெய்ப் பவுசர் வருகிறது என்று ஒரு செய்தி வர, முனாப் நானாவும் கறுப்பையா அண்ணனும் அடுப்பை மூட்டிவைத்துவிட்டு ஆளுக்கொரு கேனோடு இறங்கி நடந்தார்கள். சபையில் மற்றவர்களும் பின்னால் போய்விட்டார்கள். வேன் தொழிற்சாலை வாசலில் நின்றது. எண்ணெய் வந்தால் அந்த நிமிடமே ஏற்ற வேண்டும் என்று, பக்கத்துக் காம்பராப் பெண்கள் இரண்டு பேர் அம்மாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்துவிட்டு மலைக்குப் போனார்கள். மேலே ஏழு தகரம் இல்லை, துருவுக்காகக் கழற்றியது. தூறல் நேராக அம்மாவின் தலையில் விழுந்தது.

அப்பா வந்து அவளுக்குக் குடை பிடித்தார். அடுப்பு அணையத் தொடங்கியது. நான் போய்ச் சவலால் கரியை அள்ளினேன், எனக்கு அது வரவில்லை, பாதி காலில் கொட்டியது. அப்பா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு குடையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்து சவலை என்னிடமிருந்து வாங்கினார்.

வேண்டாம் என்றேன். ஊக்கி வேலை செய்யக் கூடாது என்று அந்த நேரத்திலும் என் வாய் சொன்னது. அவர் கேட்கவில்லை. அவர் சவல் பிடித்து நான் பார்த்ததில்லை, வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பிடியை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. குழியிலிருந்து அள்ளிக்கொண்டு வருவதற்குள் முக்கால்வாசி கீழே சிந்தியது. காக்கிச் சட்டை கரியானது. மழையும் வியர்வையும் முகத்தில் வழிய, மூன்றாவது நடையில் மூச்சு வாங்கி நின்றார்.

"நடுவுல போடுங்க" என்றாள் அம்மா.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். ஒரு கையில் குடை. வீங்கிய கால் இரண்டையும் நீட்டி, அடுப்புக்கு ஆறடி தள்ளி, முகத்தில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல போட்டா எரியுமா? நடுவுல. ரெண்டு கையும் ஓடட்டும்."

ரெண்டு கையும் ஓடட்டும் என்பது அப்பாவின் பேச்சு. முப்பத்தைந்து வருடம் மலையில் அவர் பெண்களுக்குச் சொன்னது. அப்பா இரண்டு கையாலும் பிடித்து நடுவில் போட்டார். குனிந்து நிமிர்ந்தார், குனிந்து நிமிர்ந்தார். அம்மா ஒரு விரலும் அசைக்கவில்லை. பதினாறு வயதிலிருந்து அவள் சும்மா இருந்து நான் கேள்விப்பட்டதில்லை, நோயில் படுத்தும் கீரை ஆய்ந்தவள். அன்று குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

குழாய் வாயில் ஒரு சொட்டு விழுந்தது.

பிறகு ஒழுகியது. முன்பு வந்ததைவிட வேகமாக, மஞ்சளாக, தெளிவாக ஒழுகியது. கேனை மாற்றி மாற்றிப் பிடித்தேன். அம்மாவைக் கதிரையோடு வெளியே வைத்துப் பார்த்தால் நிற்கிறதா, குடையை வாங்கிவிட்டால் எத்தனை சொட்டு, இதையெல்லாம் ஒரு இரசாயனவியல் ஆசிரியை சோதித்திருக்க வேண்டும். நான் சோதிக்கவில்லை. சோதிக்கப் பயந்தேன். என் படிப்புக்கு நான் செய்த துரோகம் அது ஒன்றுதான்.

ஐந்து லீற்றர் சேர்ந்தபோது முனாப் நானா வெறுங்கேனோடு திரும்பி வந்தார். பவுசர் வரவில்லையாம், பவுசருக்கும் டீசல் இல்லையாம். எங்களைப் பார்த்துவிட்டு எண்ணெயை வேனில் ஊற்றினார். அம்மாவைப் பின் சீட்டில் சாய்த்து வைத்தோம். அப்பா கரியோடு அப்படியே ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குடை இன்னும் அம்மாவின் கையில்தான் இருந்தது, வேனுக்குள்ளும் அவள் அதைத் தரவில்லை. நாய்கள் வழக்கம்போல் பின்னால் ஓடி வந்தன.

தலாத்துஓயா தாண்டியது. அம்மாவின் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்திருந்தார். இரண்டிலும் கொப்புளம். எழுபத்திரண்டு வயதில் முதல் கொப்புளம். அம்மா அதைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி, மூச்சுக்கு நடுவில் சொன்னாள்.

"இன்னைக்கு ஒங்களுக்கு அரைப்பேரு தான்."

முனாப் நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கரியில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அவர் துடைக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து அவர் வாய் திறந்தது.

"பேரு போட்டுருங்கம்மா" என்றார். "முழுசா போட்டுருங்க."

வேன் இரண்டு வளைவு திரும்பியது. அம்மா குடையை ஒரு தடவை தட்டி நேராக ஊன்றிக்கொண்டாள்.

"நாளைக்குப் பாப்போம்" என்றாள்.

கங்காணிகள் அதைச் சொன்னால் இல்லை என்று அர்த்தம், சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் அன்று அதைச் சொன்னவள் அம்மா. நாளைக்கு என்று அவள் சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நாய்கள் நின்றுவிட்டன, நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.